இரண்டாவது அடுப்பு

தேவனூர் நாட்டுச் சின்னாயி சிரித்தால் எதிர்மேட்டில் சாமை அறுக்கிறவர்கள் அரிவாளை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். அவ்வளவு வாய்விட்ட சிரிப்பு. தலையில் பலாப்பழச் சுமையோடு கொல்லிமலையின் செங்குத்துப் பாதையில் அடிவாரச் சந்தைக்கு இறங்கும்போதும் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும்தான் போவாள். மூச்சு வாங்காது. அந்தச் சிரிப்பை ஒரு நகரம் எப்படித் தின்றது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். நகரம் மட்டுமா தின்றது? அவளுக்கு நல்லது செய்ய நினைத்தவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் தின்றார்கள். கதையில் கெட்டவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் எனக்குக் கை நீட்டத் தெரியவில்லை.

அவள் புருஷன் வெள்ளையன் அவளுக்கு நேர் எதிர். கேட்டால் பதில் சொல்வான், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. சின்னாயி இருவருக்கும் சேர்த்துப் பேசினாள். அத்தாயி என்று ஒரே பெண் குழந்தை. அப்பன் தோளில் ஏறினால் இறங்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷ வாக்கில் ஒரு பருவம் மலையில் மழை பொய்த்தது. சாமை கருகியது, மிளகு பூக்கவே இல்லை. சேலத்தில் சாயப் பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று சந்தையில் யாரோ சொன்னார்கள். வெள்ளையனின் அண்ணன் சென்றாயன் தடுத்துப் பார்த்தான். தம்பியை மடியில் போட்டு வளர்த்தவன் அவன். கீழ்நாட்டுத் தண்ணீர் நமக்கு ஆகாது, பசியோ பட்டினியோ ஓர் அடுப்பில் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டு கிடப்போம் என்றான். வெள்ளையன் மூட்டையைத் தூக்கினான்.

சேலத்தில் அவர்களுக்குக் கிடைத்தது நெசவாளர் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து. ஒரே நீளக் கூரை, அதன் கீழே சுவர் வைத்துத் தடுத்த அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். கதவு ஒன்று, ஜன்னல் கிடையாது. சந்தில் ஒருவர் எதிரே வந்தால் மற்றவர் ஒதுங்கி நிற்க வேண்டும். நடுவே சாயக் கழிவு ஒருநாள் நீலமாகவும் ஒருநாள் சிவப்பாகவும் ஓடும். எல்லோருக்கும் ஒரே கிணறு. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்துக்காரி ஆயுசு நூறு என்று வாழ்த்துவாள்.

“சந்தைக்குக் கொண்டு போற கோழியைக்கூட நாங்க இப்படி அடைக்க மாட்டோம்” என்று சின்னாயி சொன்னாள். சந்துப் பெண்கள் சிரித்தார்கள். கோழி மலைக்குத் திரும்பிப் போகட்டுமே என்று கேலி செய்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

வெள்ளையன் சாயத் தொட்டியில் நூலை முக்கி எடுக்கும் வேலை பார்த்தான். நாள் முழுதும் ஆவி, நிலக்கரிப் புகை. வெளியே வந்தால் சந்து. உள்ளே போனால் அறை. அறைச் சுவருக்கு அப்பால் ஒரு கிழவர் ஓயாமல் இருமிக்கொண்டிருந்தார். அடுத்த மழைக்காலத்தில் வெள்ளையன் இரும ஆரம்பித்தான். முதலில் சாயப் புகை என்றார்கள். பிறகு பனி என்றார்கள். மார்கழியில் ஒரு காலை அவன் துண்டால் வாயைத் துடைத்துவிட்டுத் துண்டைச் சுருட்டி மறைத்தான். சின்னாயி பிடுங்கிப் பார்த்தாள். துண்டில் இருந்தது சாயம் அல்ல.

அந்தச் சந்துக்கு அருணாசலம் என்று ஒரு டாக்டர் வந்து போய்க்கொண்டிருந்தார். ஒல்லியான, அலுத்துப்போன மனிதர். எலும்புருக்கி நோய் நகரத்தில் யாரை எப்படிப் பிடிக்கிறது என்று ஆராய்ச்சி செய்துவந்தார். வீடு வீடாக நுழைவார். எத்தனை பேர் படுக்கிறீர்கள், யார் யாருக்கு இருமல், வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கேட்பார். எச்சிலை டப்பியில் வாங்கிக்கொண்டு போய் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். மருந்து கொடுக்காமல் எச்சிலை வாங்கிப் போகிறாரே என்று ஜனங்கள் அவரை ஏசினார்கள். அவர் என்ன செய்வார்? அன்றைக்கு அந்த நோய்க்கு மருந்து என்று ஒன்று உலகத்தில் எங்குமே இல்லை.

வெள்ளையனின் மார்பில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு அவர் அதைப் பையில் போட்டார். பிறகு சின்னாயியைத் தனியாக அழைத்துச் சொன்னார். இந்த ஊரிலேயே பிறந்தவர்களுக்குச் சின்ன வயதிலேயே நோய் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியிருக்கிறது. அவர்களில் பலர் தாங்கிவிடுகிறார்கள். மலையிலிருந்தும் காட்டிலிருந்தும் புதிதாக வருகிறவர்களுக்கு உடம்பில் அந்தப் பழக்கம் இல்லை. ஒரே வருஷத்தில் சாய்ந்து விடுகிறார்கள். இந்தச் சந்தில் இது எத்தனையோ தடவை நடந்துவிட்டது என்றார்.

“இதோ பாரம்மா. இவனை இங்கே வைத்திருந்தால் நிச்சயம் போய்விடுவான். மலைக்குக் கூட்டிக்கொண்டு போ. சுத்தமான காற்று, அதுதான் மருந்து. அதைவிட முக்கியம் உன் குழந்தை. அவனுடைய சளியிலே கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கிறது. படுக்கை தனி, பாத்திரம் தனி. குழந்தை அவன் கிட்டவே போகக் கூடாது. ஒரே அறையில் படுக்க வைத்தாயோ, அவளையும் இழந்துவிடுவாய்.”

சின்னாயி கேட்டாள்: “அப்படி வெச்சிருந்தா புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுங்களா?”

“ஆகாது” என்றார் டாக்டர்.

அந்த ஒரு சொல்லை மடியில் முடிந்துகொண்டுதான் அவள் மலை ஏறினாள். அடிவாரத்திலிருந்து வெள்ளையனை மூங்கிலில் தூளி கட்டித் தூக்கினார்கள். சென்றாயனே முன்னால் தோள் கொடுத்தான். வழி நெடுகத் தம்பியின் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்து அழுதுகொண்டே ஏறினான். அத்தாயி அப்பனோடு தூளியில் ஏற வேண்டும் என்று அடம் பிடித்தது. சின்னாயி அதன் கையை இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைசியாக நடந்தாள்.

சேலத்து டாக்டர் நல்லவர். படித்தவர். ஆனால் அவர் மலைக் காற்றைத்தான் நினைத்தாரே தவிர மலை வீட்டைப் பார்த்ததில்லை. மூங்கில் தப்பையில் மண் பூசிய சுவர், தரையைத் தொடுகிற மாதிரி இறங்கிய புல் கூரை, குனிந்து நுழையும் ஒரு வாசல். ஜன்னல் என்ற பேச்சே இல்லை. மழையும் பனியும் குத்தும் ஊரில் யார் சுவரில் ஓட்டை வைப்பார்கள்? நடுவில் அடுப்பு. அதைச் சுற்றி மொத்தக் குடும்பமும் படுக்கும். வெளியே அவ்வளவு காற்று இருந்தது. உள்ளே அதே சந்து அறைதான்.

சின்னாயி வீட்டை நின்று பார்த்தாள். பிறகு தன் சாமைக் காட்டில் இருந்த காவல் கொட்டாயில் புருஷனைப் படுக்க வைத்தாள். நாலு கால், மேலே கூரை, மூன்று பக்கம் திறப்பு. காற்று தாராளமாக வந்தது. டாக்டர் சொன்னது இதுதானே?

வெள்ளையன் மறுக்கவில்லை. “இது போதும். புள்ளையைப் பக்கத்துல விடாத” என்று மட்டும் சொன்னான்.

இங்கே அந்த நாட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே பெண்ணுக்குப் புருஷனோடு வாழப் பிடிக்கவில்லை என்றால் விட்டுப் போகலாம். யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். வேறு ஆளையும் கட்டிக்கொள்ளலாம். பிரிந்துவிட்டோம் என்று வாயால் சொல்லக்கூட வேண்டாம். புருஷனுக்குத் தனியாக மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிக் கொடுத்துவிட்டால் போதும். இருவருக்கும் இரண்டு அடுப்பு என்று ஆனதும் தாலி அறுந்தது போலத்தான். ஆனால் பிள்ளைகள் அவளோடு போகக் கூடாது. பிள்ளை தகப்பன் அடுப்பைச் சேர்ந்தது. அதில் மாற்றம் இல்லை.

இது சின்னாயிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதனால்தான் அவள் கொட்டாயில் அடுப்பு மூட்டவே இல்லை. கஞ்சியை வீட்டில் காய்ச்சி, தனிச் சட்டியில் ஊற்றி, மேட்டின் மேல் ஏறிக் கொண்டு போய்க் கொடுப்பாள். குளிருக்குக் கட்டையைக் கொளுத்தி வைப்பாள். கல் வைக்க மாட்டாள். சளி துப்பிய சாம்பலைக் குழி தோண்டிப் புதைப்பாள். அத்தாயியை வரப்புக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிடுவாள். குழந்தை அங்கிருந்தே “அப்பா, இன்னைக்கு எந்திரிச்சு வாரியா?” என்று கத்தும். அவன் கையை மட்டும் தூக்கிக் காட்டுவான்.

அப்படியே மாதங்கள் ஓடின; ஐப்பசியில் அடைமழை பிடித்தது. பாதை முழுதும் சேறு. கஞ்சி மேட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஆறிப்போகும். சாரல் மூன்று பக்கமும் உள்ளே அடித்தது. ஒரு நாள் அவள் போனபோது வெள்ளையன் உதடு நீலம் பாரித்து நடுங்கிக்கொண்டிருந்தான். கொஞ்சம் சுடுதண்ணீர் கிடைக்குமா என்று கேட்டான். அவன் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவன். சின்னாயி எரிந்த கட்டையை ஒட்டி மூன்று கல்லை நகர்த்தினாள். சட்டியை ஏற்றினாள். அவன் சுடுதண்ணீரை ஊதி ஊதிக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே, மிஞ்சிய நெருப்பில் கையளவு சாமையும் போட்டுக் கிண்டிக் கொடுத்தாள்.

ஈரப் புல் கூரைக்கு மேல் எழுந்த புகையைச் சென்றாயன் தன் காட்டிலிருந்து பார்த்தான். வந்து பார்த்தான். கல்லையும் சட்டியையும் பார்த்தான். நேரே ஊருக்குள் திரும்பிப் போனான்.

மழை ஓய்ந்ததும் கதிரடிக்கும் களத்தில் ஊர் கூடியது. ஊர்க்கவுண்டர் காளியண்ணன் சின்னாயிக்குத் தாய்வழியில் அப்புச்சி, தாத்தா முறை. சின்ன வயதில் அவளுக்குத் தேனடை பிழிந்து கொடுத்தவர். கோபமே இல்லாமல் பேசினார்.

“தப்பு ஒண்ணுமில்ல கண்ணு. சீக்காளியோட எத்தனை நாளைக்குக் கஷ்டப்படுவே? நீ சின்ன வயசுக்காரி. பிரியறது உனக்குள்ள பாத்தியம்தான். நாங்க யாரும் ஏச மாட்டோம்.”

“நான் பிரியலீங்க அப்புச்சி” என்றாள் சின்னாயி. “சுடுதண்ணி கேட்டாரு. அதுக்குத்தான் கல்லு வெச்சேன்.”

சட்டியில் சாமை இருந்ததே என்று சென்றாயன் கேட்டான். இருந்தது என்று அவள் ஒப்புக்கொண்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் வீட்டில் வைத்துக் கொடுக்கலாமே, வீட்டைவிட்டு அவனைக் காட்டில் போட்டது ஏன் என்று அடுத்த கேள்வி வந்தது. அவள் டாக்டர் சொன்னதைச் சொன்னாள். சளியில் கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கிறது, அது குழந்தையைப் பிடித்துவிடும் என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது அந்தக் களத்தில் நம்ப முடியாத பேச்சாகத் தோன்றியது.

சென்றாயன் மனைவி பெருமாயி கேட்டாள்: “கண்ணுக்கே தெரியாததை உங்க டாக்டரு எப்படிப் பாத்தாரு?”

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. “டவுன்ல சீக்கு வாங்கறதும் டவுன்காரன் பேச்சைக் கேட்டு, பெத்த புள்ளையை அப்பன்கிட்ட அண்ட உடாததும் டவுன்காரன் பேச்சைக் கேட்டு. அத்தனை கெட்டிக்காரரு அங்கயே குணமாக்கி அனுப்பியிருக்கலாமில்ல?” என்றாள் பெருமாயி.

டாக்டரிடமே இல்லாத பதில் சின்னாயியிடம் எப்படி இருக்கும்?

வெள்ளையனைத் தூக்கி வந்து களத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அவன் கையை ஊன்றி எழ முயன்றான். “நாந்தான் அங்க இருக்கறேன்னு...” என்று தொடங்கினான். வாழ்நாளில் ஊருக்கு நடுவே அவன் பேச வாயெடுத்தது அதுதான் முதல் தடவை. இருமல் வந்து அதைப் பிடுங்கிக்கொண்டது. உடம்பு முழுதும் குலுங்க இருமினான். துண்டு நனைந்து சிவந்தது. களம் முழுதும் பெண்கள் விம்மினார்கள். இப்படிப்பட்டவனை மழையில் போடக் கல்நெஞ்சம் வேண்டுமே என்று எல்லாக் கண்களும் சின்னாயியைப் பார்த்தன. அவளைக் காப்பாற்ற அவன் எடுத்த வாய் அவளுக்கே எதிராகத் திரும்பிவிட்டது.

சென்றாயன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தான். “எந்தம்பி என் ஊட்டுல சாவட்டும். அவன் புள்ளை அவன் பக்கத்துல இருந்து தண்ணி ஊத்தட்டும். காட்டுல நாயாட்டம் கெடக்க வேண்டாம்” என்றான். அது அன்புதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காளியண்ணன் தீர்ப்புச் சொன்னார். அடுப்பு இரண்டாகிவிட்டது, குழந்தை தகப்பனோடு போக வேண்டும். சின்னாயி எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

அவள் ஓடிப்போய் அவர் காலடியில் விழுந்தாள். “நான் அந்தக் கல்லைக் கலைச்சுடறேன் அப்புச்சி. அப்பப் புள்ளை எங்கிட்ட இருக்குமா?”

“கலைச்சுட்டு அவனை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போ. ஒரே அடுப்புல மூணு பேரும் சாப்பிடுங்க. அப்படீன்னா பிரிவே இல்லியே கண்ணு” என்றார் அவர். பேத்தி மனசு மாறிவிட்டது என்று அவர் முகத்தில் மலர்ச்சி. ஊருக்கே நிம்மதி. அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், எந்த வாசல் வழியாகப் போனாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான் என்று. பிரிந்தால் குழந்தை தன் கண்ணுக்கு எட்டாமல் அந்த இருமலுக்குப் பக்கத்தில் படுக்கும். சேர்ந்தால் தன் கண்ணெதிரே படுக்கும்.

அவள் கொட்டாய்க்குப் போனாள். மூன்று கல்லையும் ஒவ்வொன்றாகப் புரட்டித் தள்ளினாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் புருஷனுக்கும் குழந்தைக்கும் நடுவில் படுத்தாள். சட்டியைத் தனியாக வைத்தால் பெருமாயி வந்து பார்த்துவிட்டு ஊரில் சொல்வாள் என்று பயந்து, யாருக்கும் தெரியாமல் வெந்நீர் ஊற்றிக் கழுவினாள். அவள் காட்டுக்குப் போகாமல் வயிறு கழுவ முடியாது. அவள் இல்லாத நேரத்தில் சென்றாயன் வருவான். தம்பி ஒற்றையாகக் கிடக்கிறானே என்று குழந்தையைத் தூக்கி அவன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் போவான். வெள்ளையன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். அத்தாயி அவன் முதுகின் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும்.

“அப்பனுக்கு எம்மேல கோவமா? மூஞ்சியவே காட்ட மாட்டீங்குது” என்று ஒரு நாள் அது தாயிடம் கேட்டது.

“கோவமில்ல சாமி. உம்மேல உசுரு. அதனாலதான்.”

குழந்தைக்கு அது புரியவில்லை. பெரியவர்களுக்கே புரியாதது அதற்கா புரியும்? தை பிறந்து சில நாளில் வெள்ளையன் அந்தச் சுவரைப் பார்த்தபடியே கண்ணை மூடினான். தகனம் முடிந்ததும் சென்றாயன் தம்பி பெண்டாட்டியை மூத்தவளைப் போல மதித்தான். கடைசி வரைக்கும் விடாமல் பார்த்தாய் என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

கோடையில் டாக்டர் அருணாசலமே மலை ஏறி வந்தார். நகரம் தொடாத பிள்ளைகளின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து கொயினா மாத்திரையை விழுங்கிக்கொண்டு, இரண்டு உதவியாட்களோடு, ஊர் ஊராகப் போனார். பிள்ளைகளின் முன்கையில் சின்ன ஊசி போடுவார். இரண்டு மூன்று நாள் கழித்து அந்த இடம் தடித்துச் சிவந்திருந்தால் கிருமி உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். முதல் ஊரில் பிள்ளைகளின் கைகள் தடிப்பே இல்லாமல் சுத்தமாக இருந்தன. அடுத்த ஊரிலும் சுத்தம். டாக்டரின் முகத்தில் அலுப்புப் போய்ச் சந்தோஷம் வந்திருந்தது. நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில்கூட இப்படிப் பார்க்க முடியாது என்று காளியண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அத்தாயியின் கையைப் பிடித்தார். முழங்கைக்குக் கீழே பெரிய தடிப்பு. விரலால் தடவிப் பார்த்தார். நிமிர்ந்து தாயைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது.

“தனியாக வைக்கச் சொன்னேனே அம்மா.”

சின்னாயி நடந்ததைச் சொன்னாள். அவர் குனிந்து அவள் வீட்டுக்குள் நுழைந்தார். உள்ளே கொஞ்ச நேரம் நின்றார். புகை கண்ணில் அடிக்க வெளியே வந்தார். சுவரை வெளிப்பக்கம் சுற்றி வந்து பார்த்தார். எங்குமே ஜன்னல் இல்லை.

“எனக்குத் தெரியாமல் போயிற்று” என்றார் மெதுவாக.

அவர் காளியண்ணனிடம் பேசிப் பார்த்தார். நோயாளியைத் தனியே வைப்பது பிரிவு ஆகாது என்று ஊரில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கெஞ்சினார். பெரியவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். நல்ல பலாப்பழம் ஒன்றை வெட்டிச் சுளை எடுத்து இலையில் வைத்துக் கொடுத்தார். டாக்டர் சொன்னால் சரிங்க என்றார். அடுப்பு விஷயம் நாட்டு வழக்கமுங்க, அது என் கையில் இல்லீங்க என்றும் சொன்னார்.

டாக்டர் போகும்போது சின்னாயி குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். “இது எப்பங்க வெளியே வரும்?”

“தெரியாதம்மா. நாளைக்கே வரலாம். வயதுக்கு வந்த பிறகு வரலாம். ஆயுசு முழுக்க வராமலே தூங்கிக்கொண்டும் இருக்கலாம். பால் கொடு. காற்று உள்ள இடத்தில் படுக்க வை.”

“வராம இருக்க என்னங்க பண்ணோணும்?”

அவர் அத்தாயியின் தலையைத் தொட்டுவிட்டுப் பாதையில் இறங்கினார்.

மறுநாளே சின்னாயி கடப்பாரையால் வீட்டுச் சுவரில் ஓர் ஓட்டை போட்டாள். தலை நுழைகிற அளவு. புருஷன் செத்த வீட்டில் சுவரை இடிக்கிறாளே, புத்தி பேதலித்துவிட்டது என்று பெருமாயி வைக்கோலைத் திணித்து அடைத்தாள். சின்னாயி பிடுங்கி எறிந்தாள். கோடை முழுதும் அந்த ஓட்டை வழியாக நல்ல காற்று வந்தது. குழந்தை தூங்கும்போது முன்முடி அசையும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

ஐப்பசியில் மழை இறங்கியது. ஓட்டை வழியாகச் சாரலும் குளிரும் நேரே பாயில் வந்து விழுந்தன. ஒரு விடிகாலை அத்தாயி இருமியது.

சளி பிடித்திருக்கிறதா? ஊரில் அந்த மழையில் எல்லாப் பிள்ளைகளும்தான் இருமின. அல்லது அதுதானா? ஓட்டையை மூடினால் காற்று நின்றுபோகும். மூடாவிட்டால் குளிர் பிள்ளையைக் கொன்றுவிடும். யாரிடம் கேட்பது? குழந்தை மறுபடி இருமியது. சின்னாயி ஒரு கை வைக்கோலை அள்ளிக்கொண்டு சுவர் ஓரம் போனாள். ஓட்டைக்கு நேரே கையைத் தூக்கினாள். சாரல் அவள் முகத்தில் அடித்தது. அடைக்கவும் முடியவில்லை, வைக்கோலைக் கீழே போடவும் முடியவில்லை. பொழுது நன்றாக விடிந்த பிறகும் அவள் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தாள்.